மர்காரி வீட்டு நடை

எங்கள் மலையூர் லாக்கோவிட்சாவில் ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளன்று ஆட்டத்துக்கு யார் தலைமை என்று யாரும் கேட்க மாட்டார்கள். பூசை முடிந்து, அண்டாவில் வெந்த ஆட்டுக்கறியைப் பந்தியில் சாப்பிட்டு, கிளாரினெட்காரர்கள் ஊர் நடுவே உள்ள பெரிய பிளாதானோ மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், பெண்கள் வீட்டு வரிசைப்படி கை கோத்து நிற்பார்கள். தலையில் நிற்பவள் மர்காரி வீட்டுக்காரி. அவள் கையில் வெள்ளைக் கைக்குட்டை. அதன் மறுமுனையைப் பிடிப்பவள் நூசியா வீட்டுக்காரி. அவளுக்குப் பின்னால்தான் மற்ற வீடுகள்.

இந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்ததல்ல, எழுதி வைத்ததைவிடக் கடுமையானது. ஒரு வீட்டின் மூத்தவள் அடுத்தடுத்து இரண்டு திருநாளில் தன் ஆட்டத்தை ஆடி முடிக்காவிட்டால், அந்த வீடு வரிசையின் வாலுக்குப் போய்விடும். வாலுக்குப் போன வீடு மறுபடி தலைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

நான் செவஸ்தி. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து மர்காரி வீட்டுக்கு மருமகளாக வந்தவள். என் மாமியார் கிரிசாவ்கி கண்ணை மூடிய பிறகு அந்தக் கைக்குட்டை என் கைக்கு வந்தது. போன ஆகஸ்டில் நான் ஆட்டத்தைப் பாதியில் விட்டேன்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கென்று ஒரு நடை உண்டு. மற்ற வீட்டுக்காரிகள் குதிப்பார்கள், சுற்றுவார்கள், குதிகாலால் தரையை உதைப்பார்கள். நாங்கள் அதெல்லாம் செய்வதில்லை. முதுகு நேராக இருக்கும். முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது. அடி சின்னதாக, தரையைத் தடவிக்கொண்டு போகும். பார்க்கிறவர்களுக்குப் பாவாடையின் ஓரம் நகர்வது மட்டும்தான் தெரியும், காற்றில்லாத நாளில் ஏரியில் படகு போவதுபோல. மர்காரி வீட்டுக்காரி தலைக்கு வந்து நின்றதுமே கிளாரினெட்காரன் தானாகத் தாளத்தை இறக்கிவிடுவான். சொல்ல வேண்டியதே இல்லை. அந்த நேரத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள்.

அந்த நடையை எனக்கு என் மாமியார்தான் சொல்லிக் கொடுத்தாள். கல்யாணமான முதல் குளிர்காலம். என் கணவர் தேமிஸ் ஜெர்மனிக்கு ரயில்வே வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். வெளியே பனி ஜன்னல் உயரத்துக்கு நின்றது. மாடியறையில் அடுப்பு எரிய, மாமியார் என்னை நடுவில் நிறுத்தி, முழங்கால்களுக்கு இடையில் ஒரு அக்ரூட் கொட்டையை வைத்தாள்.

"நட. கொட்டை விழக் கூடாது."

"விழுந்தா அத்தை?"

"ராத்திரி கஞ்சி கிடையாது."

விழுந்தது. பல முறை விழுந்தது. கஞ்சி கிடைக்காமல் போகவில்லை. அவள் வாய்தான் அப்படி. ஒவ்வொரு முறையும் குனியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலை மடக்கி அவளே கொட்டையை எடுத்துத் தருவாள். "மேல இழுத்துப் பிடிடி," என்பாள். "எல்லாத்தையும் உள்ளுக்குள்ள மேல இழுத்துப் பிடி. கீழ விட்டேன்னா போச்சு." கௌரவத்தைச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது?

அவளிடம் இன்னும் சில பழக்கங்கள் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மரப்பெட்டியின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துத் தரையில் படுப்பாள். அந்த நேரத்தில் பாதிரியாரே வந்தாலும் கதவு திறக்காது. "மர்காரி வீட்டுப் பொம்பளை மத்தியானம் யாருக்கும் வேலைக்காரி இல்ல," என்பாள். தன் உள்துணிகளை மட்டும் யாரையும் துவைக்க விட மாட்டாள். திருநாளுக்கு வெள்ளி ஒட்டியாணத்தை மாட்டும்போது மூச்சை இழுத்து நிறுத்தி, தோல்பட்டையின் கடைசித் துளையில் கொக்கியைப் போடச் சொல்வாள். அந்தத் துளைதான் தேய்ந்து பெரிதாகியிருந்தது. இப்போதும் நான் கண்ணை மூடினால் அவள் அந்த மரத்தடியில் வருகிறாள். கருப்புப் பாவாடை, இடுப்பில் வெள்ளி, முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல். அவளைப் போல ஆட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இந்த ஊரில் வேறு ஆசை இருந்ததில்லை. உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு ஆகஸ்டும் தேமிஸ் ஜெர்மனியிலிருந்து வந்து கூட்டத்தின் முன்வரிசையில் நிற்பார். நான் ஆடி முடித்ததும், "அம்மா மாதிரியே இருந்துச்சு," என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மறு ஆகஸ்டு வரை ஓட்டிவிடுவேன்.

போன ஆகஸ்டில் மூன்றாவது சுற்றில், பாதிரியார் வீட்டு மதிலைத் தாண்டும்போது, எனக்குள்ளே ஏதோ நழுவியது. கோழிமுட்டை அளவு ஏதோ ஒன்று காலிடுக்கில் வந்து நின்றது. ஒரு வருடமாகவே மாலையானால் அடிவயிறு கனக்கும், ஏதோ கீழே தொங்குவதுபோல இருக்கும். படுத்து, கையால் மேலே தள்ளிவிட்டுத்தான் தூங்குவேன். ஆனால் அத்தனை பேர் முன்னால், பட்டப்பகலில், அப்படி ஒருநாளும் வந்ததில்லை. நான் மதிலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

கைக்குட்டையின் மறுமுனையில் அலெக்ஸோ நின்றாள். நூசியா வீட்டின் மூத்தவள். என்னைவிட எட்டொன்பது வயது பெரியவள், நாக்கு மட்டும் இளமை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"என்னடி செவஸ்தி, மர்காரி தேருக்கு அச்சாணி கழண்டுடுச்சா?"

"முழங்கால் அக்கா. பிசகிடுச்சு."

"எந்த முழங்கால்?"

"இது," என்று வலது காலைத் தொட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஊரே என் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்தது. ஒருத்தி முட்டைக்கோஸ் இலையைக் கட்டச் சொல்லிக் கொண்டுவந்தாள். ஒருத்தி காட்டுச் செந்தட்டியால் அடித்துவிட்டாள். பாதிரியார் மாதா விளக்கின் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துத் தந்தார். அந்த முழங்கால் ஆட்டுக்கல் மாதிரி உறுதியாக இருந்தது. நான் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டு, இலையுதிர் காலம் முழுவதும் பொய்யோடு நடந்தேன். அலெக்ஸோ மட்டும் எதுவும் கொண்டுவரவில்லை. வழியில் பார்த்தால், "இன்னிக்கு இடது காலா, வலது காலா?" என்பாள்.

குளிர்காலத்தின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகன் அபோஸ்தோலியின் மனைவி ஊரானியா நகரத்திலிருந்து வந்திருந்தாள். அடுப்பருகே உட்கார்ந்து பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தோம். எனக்குத் தும்மல் வந்தது. அவள் கையை நிறுத்தினாள்.

"அத்தை, முழங்கால் வலின்னா, தும்முறப்போ ஏன் காலைப் பின்னிக்கிறீங்க?"

"குளிருது."

"அடுப்பு முன்னால உக்காந்துகிட்டா?"

 அவள் பீன்ஸ் தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் இருந்துச்சு அத்தை. தனாயி பொறந்த பிறகு."

"என்ன இருந்துச்சு?"

"அடி இறங்கிடுச்சு."

நான் முதலில் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"மெதுவா பேசு. அபோஸ்தோலிக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவர்தான் கார்ல கூட்டிட்டுப் போனாரு."

"மர்காரி வீட்டு ஆம்பளை இதுக்கா கார் ஓட்டினான்?"

"ஓட்டினாரு. நான் உள்ள இருந்த நேரம் வெளியில புள்ளைக்குப் பால் புகட்டிட்டு நின்னாரு. ஒண்ணும் கொறஞ்சு போகல அத்தை. அங்க ஒரு பொண்ணு இருக்கா, பிசியோதெரபிஸ்ட். இதுக்குன்னே படிச்சவ. உடற்பயிற்சி சொல்லித் தருவா. எனக்குச் சரியாச்சு."

"பொம்பளை உடம்புல அந்த இடத்துக்கு உடற்பயிற்சியா? சந்தையில சொல்லிப் பாரு, சிரிப்பாங்க."

"சந்தையில யாரு சொல்லப் போறா?" அவள் கொஞ்சம் பொறுத்துவிட்டு, என் பலவீனம் எங்கே என்று தெரிந்து அங்கேயே அழுத்தினாள். "இந்த ஆகஸ்ட்லயும் மதில்ல உக்காந்தீங்கன்னா வரிசை போயிடும். பாட்டி கைக்குட்டை வாலுக்குப் போயிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

போனேன். முதலில் மகளிர் மருத்துவர் பார்த்தார். கர்ப்பப்பை இறக்கம், நடுத்தரமானது, உடனே கத்தி வைக்க வேண்டியதில்லை, பயிற்சி செய்து பார்க்கலாம் என்று நெஃபெலியிடம் அனுப்பினார்.

நெஃபெலியின் அறை ஏரிக்குப் பின்தெருவில், ஒரு மாடியில் இருந்தது. முப்பது வயது இருக்கும். முடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். அதை நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"நீ யார் வீட்டுப் பொண்ணு?"

"எங்கப்பா கோனிட்சா பக்கம் அம்மா. லாக்கோவிட்சாவுல எங்களுக்குச் சொந்தம், சம்பந்தம், வழக்கு, ஒண்ணும் கிடையாது. தைரியமா உக்காருங்க."

ஏன் கேட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் உட்கார்ந்தேன்.

எலும்புக்கூடு மாதிரி ஒரு இடுப்புப் பொம்மையைக் காட்டி விளக்கினாள். அடியில் தொட்டில் துணி மாதிரி தசை இருக்கிறதாம். பிரசவத்தில், சுமையில், வயதில் அது தளர்ந்தால் மேலே இருப்பவை கீழே சாயுமாம். பிறகு கையுறை போட்டுக்கொண்டு கேட்டாள்: "உள்ள விரல் வெச்சுப் பாக்கணும். வேண்டாம்னா வேண்டாம். நடுவுல நிறுத்துன்னாலும் நிறுத்திடுவேன்." நான் மாதாவை நினைத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

"ஒண்ணுக்கு அடக்குற மாதிரி மேல இழுங்க."

இழுத்தேன். இதைத்தானே என் வாழ்நாளெல்லாம் செய்கிறேன்.

"அடேயப்பா! நல்ல பிடி. இப்ப விடுங்க."

"விட்டுட்டேன்."

"இல்லம்மா, விடல."

"விட்டுட்டேன்னு சொல்றேன்ல."

"பிடிக்கத் தெரியுது உங்களுக்கு. விடத் தெரியல. மூடினபடியே இருக்கற கையால ஒரு பாத்திரத்தைத் தூக்க முடியுமா? திறந்தாத்தானே மறுபடி பிடிக்கலாம்? எந்நேரமும் இறுகியே இருந்து தசை களைச்சுப் போயிருக்கு. அதான் தேவைப்படுற நேரத்துல கைவிட்டுடுது."

வயிற்றை எக்கி, மூச்சை நிறுத்தி, இடுப்பை இறுக்கிக் கட்டுவேனா என்று கேட்டாள். ஒட்டியாணத்தைச் சொன்னேன். அவள் மேசையிலிருந்த பற்பசைக் குழாயை எடுத்து நடுவில் அமுக்கிக் காட்டினாள். மேலே மூடியிருந்தால் எல்லாம் எந்தப் பக்கம் போகும் என்று நானே பார்த்தேன்.

பிறகு, "கொஞ்சம் நடந்து காட்டுங்க," என்றாள்.

நடந்தேன். முதுகு நேராக, முழங்கால் சேர்த்து, அடி சின்னதாக. ஒரு படித்த பெண் பார்க்கட்டுமே என்று நன்றாகவே நடந்தேன். அவள் தொப்பியைக் கழற்றுகிறவர்களின் முகத்தோடு பார்க்கவில்லை.

"எப்பலேருந்து இப்படி நடக்குறீங்க?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

"அப்பவே இறங்கியிருந்துச்சா?"

"சே! இது எங்க வீட்டு நடை. எங்க அத்தை சொல்லிக் குடுத்தது. எங்க ஊருக்கு வந்து கேட்டுப் பாரு."

"உங்க அத்தைக்கு எத்தனை பிரசவம்?"

"ஏழு."

அவள் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி, மறுபடி செருகினாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கதவு வழியா வர்றவங்கள்ல நிறைய பேர் இதே நடையோடதான் வர்றாங்க. கீழ விழுந்துடுமோன்னு பயந்து பிடிச்சுக்கற நடை இது."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. காரில் ஊரானியா ஏதேதோ கேட்டாள். மலைப்பாதை ஏறி முடியும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். என் குறையை என் குறை என்று சொல்லட்டும். அது என்னோடு போகும். நேற்றுப் பிறந்த ஒருத்தி, மண்ணுக்குள் இருப்பவளைப் பார்க்காமலே, எங்கள் வீட்டின் நடையை நோய் என்கிறாள்! என் மாமியார் ஆடியதை நான் எத்தனை ஆகஸ்டு பார்த்திருக்கிறேன்!

ஆனால் நான் வருவதற்கு முன்னால் அவள் ஆடியதை நான் பார்த்ததில்லை. அந்த எண்ணம் வந்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. பார்த்தவர்களில் ஊரில் உயிரோடு இருப்பவள் ஒருத்திதான்.

தவக்காலம். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்க்காமல் பூசணிக்காய் வைத்து ஒரு பணியாரம் சுட்டுத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு அலெக்ஸோ வீட்டுப் படியேறினேன். வெறுங்கையோடு எதிரி வீட்டுக்கும் போகக் கூடாது.

"வாடி. முழங்கால் எல்லாப் படியும் ஏறிச்சா?"

"ஏறிச்சு. அக்கா, ஒண்ணு கேக்கணும். எங்க அத்தை சின்ன வயசுல எப்படி ஆடினாங்க?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். துணியை எடுத்துப் பார்த்தாள், மறுபடி மூடினாள்.

"எதுக்கு இப்ப?"

"நகரத்துல ஒரு பொண்ணு எங்க நடையைப் பத்தி ஒண்ணு சொன்னா. பொய்யின்னு உங்க வாயால கேட்டா போதும்."

"என்ன பொண்ணு?"

"வைத்தியக்காரி."

"முழங்காலுக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு நூசியா முன்னால் நான் தலை குனிந்தது அன்று ஒருநாள்தான். அலெக்ஸோ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மா மாதா படத்து மேல சத்தியம் வாங்கினா, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு. அவளும் போயிட்டா, உன் மாமியாளும் போயிட்டா. மாதா என்னை மன்னிக்கட்டும்." அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "உன் மாமியா ஆடினா தரை தாங்காதுடி. வெள்ளாட்டுக் குட்டி மாதிரி குதிப்பா. கடைசிச் சுத்துல கைக்குட்டைக்கு அடியில புகுந்து பம்பரம் மாதிரி சுத்துவா. கிளாரினெட்காரனுக்கு மூச்சு முட்டும். நான் அப்ப சின்னப் பொண்ணு. மதில் மேல ஏறி உக்காந்து பாப்பேன்."

"எங்க அத்தையா?"

"உன் அத்தைதான். அப்புறம் உள்நாட்டுச் சண்டை வந்துச்சு. உன் மாமனார் எங்க இருக்காருன்னே தெரியாது. அந்தக் குளிர்லதான் உன் புருஷன் பொறந்தான். பாதிரியார் வந்து ஜெபம் சொல்ற வரைக்கும், நாப்பது நாள், பெத்தவ வாசப்படி தாண்டக் கூடாதில்ல? உங்க வீட்டுல விறகு தீந்து போச்சு. எங்க வீட்டுல கூரை வரைக்கும் அடுக்கியிருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்போம். கேப்பாளா? மர்காரியாச்சே!"

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. அவள் எழுந்து அதைத் தள்ளிவிட்டு வந்தாள்.

"யாரும் பாக்கக் கூடாதுன்னு விடியறதுக்கு முன்னால பின்பக்கத்து ஆட்டுப்பாதையில மலைக்குப் போயிருக்கா. பிள்ளை பெத்த உடம்பு, முதுகுல ஒரு பாரம் பச்சை விறகு. நானும் எங்கம்மாவும் தொலைஞ்சு போன ஆட்டைத் தேடிப் போனோம். பாறைக்குப் பின்னால சுமையோட விழுந்து கிடந்தா. பனியில ரத்தம். 'என்னமோ வெளிய வந்துடுச்சு, வெளிய வந்துடுச்சு'ன்னு அதையே சொன்னா. எனக்கு அப்ப புரியல. எங்கம்மா கழுத்துத் துணியை அவிழ்த்துக் குடுத்து, அந்த விறகைத் தன் முதுகுல ஏத்திட்டு வந்து உங்க கொல்லையில போட்டா. நீ கேட்ட நடை அடுத்த ஆகஸ்ட்லதான் வந்துச்சு. ஊரே வாயைப் பொளந்துச்சு, என்ன கம்பீரம், என்ன மரியாதைன்னு. தொப்பியெல்லாம் கழட்டினாங்க. எங்கம்மா மட்டும் மரத்துக்குப் பின்னால நின்னு அழுதா."

நான் தட்டின் மேல் இருந்த துணியை இழுத்துச் சரிசெய்தேன். பிறகு நான் கேட்டேன்: "இத்தனை வருஷமா என்னைக் குத்திக் குத்திப் பேசுறீங்களே. இதை ஒரு தடவை வெளியில விட்டிருந்தா, வரிசையில தலை உங்க வீட்டுக்கு வந்திருக்குமே?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "குத்துறது வேறடி, கொல்லுறது வேற. எங்க வீட்டை என்னன்னு நெனச்ச?"

வீட்டுக்கு வந்து மாடியறைக்குப் போனேன். மரப்பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது. மூடியின் ஓரத்தில், அவள் குதிகால்கள் பட்ட இடத்தில், சாயம் போய் இரண்டு வெளுத்த வட்டங்கள். இத்தனை வருடம் அந்தப் பெட்டியைத் துடைத்திருக்கிறேன். நோய் என்று தெரிந்தும் அவள் மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை. அந்த உடம்போடு, அந்த வலியோடு, அத்தனை கண்ணுக்கு முன்னால் சிரிக்காமல் ஆடினாளே! சிரித்தால் விழுந்துவிடும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் என்னிடம் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அக்ரூட் கொட்டையைத் தந்தவள் காரணத்தைத் தரவில்லை. நான் தேமிஸை நினைத்துக்கொண்டேன். "அம்மா மாதிரியே இருந்துச்சு" என்பாரே. அவர் பிறந்த குளிர்காலம் அவருக்கே தெரியாமல் போய்ச் சேர்ந்தார்.

காலையில் ஊரானியாவுக்குப் போன் செய்தேன். "அந்தக் கோனிட்சாக்காரிகிட்ட மறுபடி நேரம் வாங்கு."

"கோபம் போச்சா அத்தை?"

"கோபம் இருக்கட்டும். நேரம் வாங்கு."

நெஃபெலி, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல ஆரம்பித்தாள். அந்த வசந்தம் முழுவதும் நான் மதியத்தில் மாடியறைத் தரையில் படுத்து, காலை மரப்பெட்டியில் வைத்துப் பயிற்சி செய்தேன். மூச்சை வெளியே விட்டபடி மேலே இழுப்பது. சில நொடி பிடிப்பது. பிறகு விடுவது. இந்த விடுவதுதான் எனக்கு வரவில்லை. "பூ விரியற மாதிரி," என்று நெஃபெலி சொன்னபோது, "நான் பூ இல்ல," என்றேன். "சரி, சுருக்குப்பை வாய் தளர்ற மாதிரி," என்றாள். அது புரிந்தது. என் மாமியார் படுத்த அதே தரை, அதே கூரை விட்டங்கள். யாரும் சொல்லித் தராமலே அவள் பாதி வைத்தியத்தைத் தானாகக் கண்டுபிடித்திருந்தாள். கால் உயர்த்திப் படுக்க, மேலே இழுத்துப் பிடிக்க. மறுபாதியைச் சொல்ல அவளுக்கு ஒருத்தியும் இல்லை.

வாளியைத் தூக்கும்போது மூச்சை அடக்காமல் ஊதினேன். தும்மலுக்கு முன் இழுத்துப் பிடித்தேன். கழிப்பறையில் காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொண்டேன். மருத்துவர் உள்ளே வைக்க ஒரு ரப்பர் வளையமும் தந்தார். இறங்கியது முழுவதும் ஏறிவிடவில்லை. நெஃபெலி அப்படி வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் செர்ரி பழுத்த காலத்தில், ஒருநாள் விளக்கேற்றும்போதுதான் கவனித்தேன், அன்று முழுவதும் அதை நான் நினைக்கவே இல்லை.

"ஆடலாமா?" என்று ஜூலையில் கேட்டேன்.

"ஆடலாம். குதிக்காதீங்க. மூச்சை அடக்காதீங்க. அந்த ஒட்டியாணத்தைத் தளர்த்துங்க."

"தளர்த்தினா ஊர் பாக்கும்."

"பாக்கட்டுமே," என்றாள். அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை, எளிதாகச் சொல்லிவிட்டாள்.

திருநாளன்று காலை ஊரானியா ஆணியும் சுத்தியலும் எடுத்து, ஒட்டியாணத்தின் தோல்பட்டையில் தேய்ந்த துளைக்கு வெகுமுன்பே புதிதாக ஒரு துளை போட்டாள். வெள்ளி என் இடுப்பில் சற்றே சாய்ந்து உட்கார்ந்தது. பூசையில் இரண்டு பெண்கள் அதைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். நான் மெழுகுவர்த்தி இரண்டு ஏற்றினேன். ஒன்று என் மாமியாருக்கு, ஒன்று அலெக்ஸோவின் அம்மாவுக்கு.

மரத்தடியில் வரிசை நின்றது. கைக்குட்டையை விரித்தேன். அலெக்ஸோ மறுமுனையைப் பிடித்தாள். கிளாரினெட் வாசிக்கும் வாங்கெல் என்னைப் பார்த்ததும் தாளத்தை இறக்கினான். முதல் சுற்று போனது. இரண்டாவது போனது. மூன்றாவது சுற்றில் பாதிரியார் வீட்டு மதில் வந்தது. என் உடம்பு எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்கிக்கொண்டது. மூச்சு நின்றது. மதில் மேல் யாரோ எனக்காகவே இடம் விட்டு வைத்திருந்த மாதிரி காலியாக இருந்தது. கீழே அந்தக் கனம் மெல்லத் தலைகாட்டியது.

கைக்குட்டை இழுபட்டது.

"என்னைப் பிடிச்சுத் தொங்குடி," என்றாள் அலெக்ஸோ, உதடு அசையாமல். "நான் விட மாட்டேன்."

நான் என் எடையைக் கைக்குட்டையில் கொடுத்தேன். மூச்சை ஊதினேன். சுருக்குப்பையின் வாயைத் தளர்த்தினேன், மறுபடி மேலே இழுத்தேன். கனம் நின்றது. அடுத்த அடி என்னையறியாமல் சற்று அகலமாக விழுந்தது. அதற்கடுத்ததும். முழங்கால்களுக்கு நடுவே காற்று போனது. ஐம்பது வருடமாக அங்கே இருந்த ஒரு அக்ரூட் கொட்டை கீழே விழுந்துவிட்டது. யாரும் எனக்குக் கஞ்சி இல்லை என்று சொல்லவில்லை.

"மர்காரி நடை மாதிரி இல்லையே," என்று முணுமுணுத்தாள் அலெக்ஸோ.

"இல்லதான்."

கடைசிச் சுற்று. மற்ற வீட்டுக்காரிகள் கைக்குட்டைக்கு அடியில் புகுந்து சுற்றி ஆட்டத்தை முடிப்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் நின்று தலையசைத்து முடிப்போம். சுற்றுவது நம் தரத்துக்கு ஆகாது என்று நான்கூட மருமகளுக்குச் சொன்னதுண்டு. நான் கையை உயர்த்தினேன். அலெக்ஸோவுக்குப் புரிந்துவிட்டது, அவள் கையும் உயர்ந்தது. குனிந்து, மெதுவாக, ஒரே ஒரு முறை சுற்றினேன். பம்பரம் மாதிரி இல்லை. கிழவி மாதிரிதான். வாங்கெலின் கிளாரினெட் ஒரு கணம் தடுமாறி, பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது. மறுபடி நேராக நின்றபோது, முன்வரிசையில் ஆண்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பிறகு யாரோ கை தட்டினார்கள். மர்காரி வீட்டு ஆட்டத்துக்கு அதுவரை யாரும் கை தட்டியதில்லை.

கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த மதிலுக்கே போய் உட்கார்ந்தேன். இந்த முறை ஆடி முடித்துவிட்டு. அலெக்ஸோ தன் முறையை ஆடி முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வீட்டுக்காரி தலைக்கு வந்து ஆட ஆரம்பித்திருந்தாள்.

"முழங்கால் எப்படி?"

"முழங்கால் எப்பவும் நல்லாத்தான் அக்கா இருந்துச்சு."

"தெரியும்." அவள் கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அந்த ஏரிக்கரைப் பொண்ணு, எண்பது வயசு முழங்காலையும் பாப்பாளா?" என்றாள்.

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எந்த முழங்கால், இடதா வலதா?"

"நடுவுல இருக்கறதுடி."

எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வந்தது. முதலில் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டேன், நெஃபெலி சொன்னபடி. பிறகு ஊரே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன்.